மலேசியா வாசுதேவன் குரல் திரும்பியது. நம் கலைஞர்களின் குரலுக்கு யார் காவல்?

2024 செப்டம்பரில் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாடல் வெளியானது. பாடியவர்கள் பட்டியலில் மலேசியா வாசுதேவனின் பெயர் இருந்தது. இந்த மண்ணில் பிறந்து, தமிழகம் சென்று புகழ்பெற்ற அவர் 2011இல் காலமானவர். இசையமைப்பாளர் அனிருத் செயற்கை நுண்ணறிவின் துணையோடு அவருடைய குரலை மீண்டும் ஒலிக்கச் செய்தார். மகன் யுகேந்திரனும் அதே பாடலில் பாடியிருக்கிறார்.

அதே ஆண்டு ஜனவரியில் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் இப்படிக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய சன்மானமும் வழங்கியதாக அவரே அறிவித்தார். 'கோட்' படத்தில் அக்கா பவதாரிணியின் குரலை யுவன் சங்கர் ராஜா பயன்படுத்தினார். இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. தெலுங்குப் படம் ஒன்றில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகக் கூறி, அவர் மகன் சரண் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார்.

இவர்களெல்லாம் பெரிய பெயர்கள். குரலைக் கேட்டதும் ஊரே அடையாளம் கண்டுகொள்ளும். கேள்வி கேட்கக் குடும்பமும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். நம் நாட்டில் உள்ளூர் ஆல்பத்தில் பாடும் இளைஞருக்கும், விளம்பரப் பாடலுக்குக் குரல் கொடுக்கும் பெண்ணுக்கும் யார் இருக்கிறார்கள்?

மென்பொருள் இசையில் செய்யும் வேலையை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, பழைய பதிவைத் தூய்மைப்படுத்துவது. ஜான் லெனன் 1970களில் கேசட்டில் பாடி வைத்திருந்த குரலைப் பியானோ சத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, 2023 நவம்பரில் பீட்டில்ஸ் குழு பாடலாக வெளியிட்டது. அது 2025இல் கிராமி விருதும் பெற்றது. நம்மவர் வீடுகளில் தூசு படிந்து கிடக்கும் உள்ளூர் இசைக் குழுக்களின் கேசட்டுகளையும் இதே முறையில் காப்பாற்ற முடியும். இது நமக்குக் கிடைத்த நன்மை.

இரண்டாவது, குரல் மாற்றம். உயிரோடு இருக்கும் ஒருவர் முதலில் முழுப் பாட்டையும் பாட வேண்டும். மூச்சு, சங்கதி, உச்சரிப்பு எல்லாம் அவருடையவை. மென்பொருள் அதன் மேல் வேறொருவரின் குரல் சாயலை ஏற்றுகிறது. ஆகவே இங்கே உரிமை கேட்க வேண்டியவர்கள் இருவர்: குரலுக்குச் சொந்தக்காரர் ஒருவர், பாடிக் கொடுத்தவர் மற்றொருவர்.

மூன்றாவது, முழுப் பாடலையும் உருவாக்குவது. சூனோ, யூடியோ போன்ற சேவைகளில் இரண்டு வரி எழுதினால், சற்று நேரத்தில் பாட்டு, குரல், பின்னணி இசை எல்லாம் வந்துவிடும். தன் தளத்துக்கு நாள்தோறும் வரும் புதிய பாடல்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 50,000, முழுக்க இயந்திரம் உருவாக்கியவை என்று டீசர் நிறுவனம் 2025 நவம்பரில் தெரிவித்தது.

இதில் யாருக்கு இடி விழும்? காவடி முன்னால் உறுமி அடிப்பவருக்கு உடனடி ஆபத்து இல்லை. அருள் வந்து ஆடுபவரின் கால் பார்த்துத் தாளத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஆள்தான் வேண்டும். திருமண மேடையில் நாதஸ்வரம் வாசிப்பவருக்கும் அப்படியே. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடக்கும் சிறு வேலைகள், அதாவது கோரஸ், விளம்பரப் பாடல், குறும்படப் பின்னணி இசை, மாதிரிக் குரல் ஆகியவைதான் முதலில் கைவிட்டுப் போகும். ஒரு புதிய பாடகர் மைக்கின் முன் நின்று தொழில் பழகுவது இந்தச் சிறு வேலைகளில்தான். ஏணியின் முதல் படியே போய்விட்டால், அடுத்த தலைமுறை எப்படி ஏறும்?

சட்டம் துணைக்கு வருமா? பாடலுக்கும் ஒலிப்பதிவுக்கும் நம் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் குரலின் சாயலுக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. இந்தியாவில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் குரலை மென்பொருளால் நகலெடுப்பதற்கு பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டமோ, சட்டப்படி கைக்கு வந்த படைப்புகளைக் கணினிவழித் தரவு ஆய்வுக்காக நகலெடுக்க அனுமதிக்கிறது. அங்குள்ள கலைஞர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் சூனோ, யூடியோ மீது வழக்குத் தொடுத்தன. அடுத்த ஆண்டே யுனிவர்சல் யூடியோவுடனும், வார்னர் சூனோவுடனும் சமரசம் செய்துகொண்டன. பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அந்த மேசையில் கிள்ளானிலோ ஈப்போவிலோ சொந்தக் காசில் ஆல்பம் போட்டவருக்கு நாற்காலி கிடையாது.

ஆகவே நம் கலைஞர்கள் தாங்களே செய்யக்கூடியவற்றை இப்போதே செய்ய வேண்டும். பாடும் முன் ஒரு தாளிலாவது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். இப்பதிவு இந்தப் பாடலுக்கு மட்டுமே என்றும், என் குரலைக் கொண்டு மென்பொருளைப் பயிற்றுவிக்கவோ வேறு பாடலை உருவாக்கவோ கூடாது என்றும் அதில் இருக்கட்டும். மூலப் பதிவுகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபிஓவில் படைப்புகளைத் தாமாகவே பதிவு செய்யும் வசதி உண்டு. பிற்காலத்தில் சான்றாக உதவும். அரசு இசை, கலை அமைப்புகளைக் கலந்து பேசும்போது, தமிழ்க் கலைஞர் சங்கங்களும் எழுத்துப்பூர்வமாகத் தங்கள் கோரிக்கையை வைக்க வேண்டும்.

ரசிகர்களுக்கும் பங்கு உண்டு. கோயில் விழாவுக்கும் சங்க ஆண்டு விழாவுக்கும் பாட்டு வேண்டுமென்றால், காசு மிச்சம் என்று மென்பொருளை நாடும் முன், அதே ஊரில் பாடத் தெரிந்த பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள். மறைந்தவரின் குரலைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். இருப்பவரின் குரலுக்குக் கூலி கொடுக்கவும் நாம் தவறக்கூடாது.