நான் வென்ற விவாதம்

சென்ற தவணை எங்கள் தமிழ் இலக்கிய மன்றம் நடத்திய விவாதத்தின் தலைப்பு, "அரசாங்கத்தின் செலவுக் குறைப்பு ஏழைகள் மீதே அநியாயமாக விழுகிறது" என்பது. எதிர்த்துப் பேசும்படி எனக்குச் சீட்டு விழுந்தது. பேசினேன், எங்கள் அணி வென்றது. சான்றிதழோடு ஒரு புத்தகமும் தந்தார்கள். அன்று நான் பேசியதில் பாதியை இன்றும் நம்புகிறேன். மற்றப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்பும் பாதி இதுதான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று நம் நாடு அறிவித்தது. எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்றவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. கையில் இல்லாத பணத்தை எந்த அரசாங்கமும் செலவழிக்க முடியாது. பணத்தை அச்சிட்டால் விலைவாசி ஏறும். அதில் முதலில் அடிபடுபவனும் ஏழைதான். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் கடனுக்கு இணங்கியபோது, வரவைக் கூட்டு, மானியத்தைக் குறை என்று நிபந்தனை வைத்ததில் வியப்பில்லை. இவற்றையெல்லாம் அடுக்கிச் சொன்னேன். நடுவர்கள் தலையசைத்தார்கள்.

பிறகு எதிரணித் தங்கை ஒருத்தி எழுந்து, "மாதம் 30 யூனிட் மட்டும் பாவிக்கிற வீடு இன்னும் எதைக் குறைப்பது?" என்று கேட்டாள். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லி மழுப்பினேன். மண்டபம் சிரித்தது, கைதட்டியது. எனக்கு மட்டும் மூத்தம்மாவின் ஞாபகம் வந்தது.

மூத்தம்மாவும் சாச்சியும் இருக்கும் வீட்டில் இரண்டு மின்குமிழ், ஒரு மின்விசிறி, ஒரு வானொலி. குளிர்சாதனப் பெட்டி இல்லை. மூத்தம்மா மின்சாரப் பில்களைக் கிழித்துப் போடுவதில்லை. கம்பியில் குத்தி வைத்திருப்பார். விவாதம் முடிந்த கிழமை அங்கே போனபோது அவற்றை எடுத்துப் பார்த்தேன். 2022 ஓகஸ்ட்டுக்கு முன்பு, மாதம் 30 யூனிட்டுக்கு மேற்படாத வீட்டுக்கு யூனிட் 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. முப்பது யூனிட்டுக்கும் சேர்த்து 105 ரூபா. அந்த ஓகஸ்ட்டில் அது 360 ஆனது. 2023 பெப்ரவரியில் யூனிட் 30 ரூபா, நிலையான கட்டணம் 400. ஆக 1,300 ரூபா. ஏழு மாதத்துக்குள் பன்னிரண்டு மடங்கு. அதே காலத்தில் 180 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு அந்த மேல்படி யூனிட்டின் விலை 45 இலிருந்து 75 ரூபாவானது. அதுவும் சிறிய ஏற்றம் அல்லதான். ஆனால் இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை.

இதற்கு ஒரு பதில் உண்டு. அன்று அதை நானே சொன்னேன்: 2 ரூபா 50 சதம் மின் உற்பத்திச் செலவுக்குக் கிட்டவும் வராத விலை, மானியத்தில்தான் ஓடியது. உண்மைதான். ஆனால் அந்த மானியம் தவறிப்போய்க் கொடுத்ததல்ல. குறைவாகப் பாவிக்கிறவருக்கு மலிவாகக் கிடைக்கட்டும் என்று நினைத்தே வைத்த படிகள் அவை. கணக்கைச் சரிசெய்யும்போது கீழ்ப்படியை மேல்படியைவிட வேகமாக உயர்த்தியதற்குப் பொருளாதார அவசியம் காரணமல்ல. அது ஒரு தெரிவு. 2023 ஜூலையில் யூனிட் 10 ரூபாவாகவும் நிலையான கட்டணம் 150 ஆகவும் குறைந்தன. குறைக்க முடியும் என்றால் அத்தனை உயர்த்தாமலும் இருந்திருக்க முடியும்தானே?

மின்சாரத்தை விட்டுக் குப்பி விளக்குக்குத் திரும்பவும் வழியில்லை. 2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. எங்கள் ஊரில் கரைக்கு இழுத்துப் போட்ட தோணிகள் நாட்கணக்கில் அப்படியே கிடந்தன. மூத்தம்மா இஷா தொழுததும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். தஹஜ்ஜுதுக்கு எழும்பும்போது டோர்ச்தான்.

சாச்சியின் கதை வேறு. ஆடைத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் தைத்தவர். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணம் ஊழியர் சேமலாப நிதியில் கிடக்கிறது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. அவை ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, வைப்பாளர்கள் பயந்துவிடுவார்கள் என்றார்கள். சேமலாப நிதிக்கோ, முறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள், இல்லாவிட்டால் 14 சதவீத வரி 30 ஆகும் என்ற நிபந்தனை. சாச்சிக்கு முறி என்றால் என்னவென்று தெரியாது. அவரிடம் யாரும் கேட்கவுமில்லை.

வசதியானவர்களும் கட்டினார்கள் என்று அன்று வாதாடினேன். மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் உழைப்பவர்களின் சம்பளத்தில் 2023 முதல் வரி பிடித்தார்கள், உண்மை. வைத்தியர்களும் விரிவுரையாளர்களும் அதை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். ஆனால் அந்த வரியை 2019 இறுதியில் தூக்கி எறிந்ததும், கம்பனிகளின் வரியைக் குறைத்ததும்தான் திறைசேரி காலியானதற்கு ஒரு பெரிய காரணம் என்பதை என் பேச்சில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் தோற்றிருப்போம்.

பெறுமதி சேர் வரி 8 சதவீதத்திலிருந்து 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. மூத்தம்மா சவர்க்காரம் வாங்கினாலும் அதே 18, மாளிகை கட்டுபவர் வாங்கினாலும் அதே 18. நம் மார்க்கத்தில் ஸகாத்துக்கு ஒரு நிஸாப் இருக்கிறது. அந்த அளவுக்குக் கீழே உள்ளவரிடம் எடுப்பதில்லை, அவருக்குத்தான் கொடுக்கிறோம். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கலீபா உமர் (ரழி) ஸகாத் வசூலை ஒத்திவைத்தார்கள்; மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யைத் தாமும் தொடவில்லை. அரச நிதியை அப்படியே நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். இறுக்குவதை எங்கிருந்து தொடங்குவது என்பதையாவது அதிலிருந்து படிக்கலாம்.

அஸ்வெசும வந்ததே என்பார்கள். வந்தது நல்லதுதான். தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்குக் கொடுத்த மாதம் 15,000 என்பது சமுர்த்தியோடு ஒப்பிட்டால் பெரிய தொகை. ஆனால் மண்ணெண்ணெய் ஏறியது 2022 ஓகஸ்ட்டில். மின்சாரம் இரண்டாம் முறை ஏறியது 2023 பெப்ரவரியில். அஸ்வெசும தொடங்கியது அந்த ஜூலையில். முதல் பட்டியல் வெளியானதும் பிரதேச செயலகங்களின் வாசலில் மேன்முறையீட்டுக்கு நின்ற வரிசைகளை நாம் எல்லோரும் பார்த்தோம். வெட்டு எல்லோருக்கும் ஒரே நாளில் வந்தது. நிவாரணத்துக்கு மட்டும் படிவமும் பட்டியலும் காத்திருப்பும்.

அந்தத் தங்கையை மறுநாள் நூலகத்தில் கண்டு, "உங்கட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை" என்றேன். "தெரியும் ராத்தா, மார்க்ஸ் ஷீட்லதான் தெரியேல்ல" என்று சிரித்தாள். இந்தத் தவணையும் அதே தலைப்பை வைக்கும்படி மன்றச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். இம்முறை நான் சீட்டு எடுக்கப் போவதில்லை.