வீடும் பள்ளியும்: குதிக்கும் கால்களைக் கட்டலாமா?

முன்பெல்லாம் பெற்றோர்கள் உபாத்தியாயரிடம் ஒரே ஒரு புகாரைத்தான் கொண்டுவருவார்கள். "பையன் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், ஸார்! கொஞ்சம் கண்டித்து வையுங்கள்" என்பார்கள். இப்போது அந்தப் புகார் தலைகீழாகிவிட்டது. "உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறான், கைப்பேசியை வாங்கி வைத்தால் அழுகிறான்" என்கிறார்கள். கண்டிக்கும் வேலை மட்டும் முன்போலவே நம் தலையில் விழுகிறது!

கண்டித்துச் சரிசெய்யக்கூடிய விஷயமா இது? குழந்தை பிறக்கும்போதே சோம்பலுடன் பிறப்பதில்லை. நடக்கத் தெரிந்த மறுநாளே ஓடப் பார்க்கிறது. ஓடத் தெரிந்ததும் திண்ணையிலிருந்து குதிக்கப் பார்க்கிறது. அதை உட்கார வைத்தவர்கள் நாம்தான். காலையில் வண்டியில் உட்கார்ந்து பள்ளிக்குப் போகிறது. பள்ளியில் பெஞ்சில் உட்காருகிறது. மாலையில் வண்டியில் உட்கார்ந்து வீடு திரும்புகிறது. பிறகு டியூஷன், வீட்டுப் பாடம், சாப்பாடு, படுக்கை. இத்தனைக்கும் நடுவே கால்களுக்கு என்ன வேலை கொடுத்தோம் என்று ஒரு நாள் கணக்கெழுதிப் பார்த்தால் நமக்கே வெட்கமாயிருக்கும்.

எவ்வளவு அசைவு வேண்டும்? உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிஷமாவது, மூச்சு சற்று வாங்கும்படி உடலை உழைக்கவிட வேண்டும் என்று கூறியிருக்கிறது. 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு, 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி நாள் முழுவதுமாகச் சேர்த்து 180 நிமிஷ அசைவு கேட்கிறது. அதில் 60 நிமிஷமாவது சுறுசுறுப்பான ஓட்டமும் ஆட்டமுமாக இருக்க வேண்டும். அதே வழிகாட்டி, இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், அதற்கு மேல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்கிறது.

இதைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம். பெரியவர்களைப் போல் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடப்பது குழந்தையின் சுபாவம் அன்று. பத்து விநாடி பாய்ந்து ஓடும், நின்று மூச்சு வாங்கும், மறுபடியும் பாயும். களைப்பு வந்த வேகத்திலேயே போய்விடும். ஆகையால் காலையில் பத்து நிமிஷம், பள்ளி இடைவேளையில் பதினைந்து, மாலையில் அரைமணி என்று சேர்ந்தாலும் கணக்குச் சரிதான்.

பலன்களைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. குதித்து ஆடும்போது எலும்புகள் உறுதிப்படுகின்றன. அந்த உறுதியைச் சேமிக்கும் காலம் பால்யமும் இளமையுமே. இருதயம் வலுவடைகிறது, இரவில் நல்ல தூக்கம் வருகிறது. பலர் அறியாத ஒன்றையும் சொல்லிவைப்போம். பகல் வெளிச்சத்தில் வெட்டவெளியில் நெடுநேரம் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். மூக்குக் கண்ணாடிக்குச் செலவிடும் பணத்தில் கொஞ்சம் வெயிலாலேயே மிச்சமாகலாம்!

முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. குழந்தை ஓடினால் போதாது. ஓடுவதில் ஆசையும் இருக்க வேண்டும். ஆசை இருந்தால் நாற்பது வயதிலும் எழுந்து நடக்கும். இல்லாவிட்டால் பள்ளியை விட்ட அன்றே தேகப் பயிற்சியையும் விட்டுவிடும். அந்த ஆசையை நாம் எப்படியெல்லாம் கொல்லுகிறோம் என்று பாருங்கள். வீட்டுப் பாடம் எழுதாதவனை மைதானத்தை நான்கு முறை சுற்றி ஓடச் சொல்கிறோம். பேசினவனைத் தோப்புக்கரணம் போடச் சொல்கிறோம். கணக்கில் மதிப்பெண் குறைந்தால், "இன்று விளையாடப் போகக் கூடாது" என்கிறோம். ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, பிறகு ஓடுவது நல்லது என்று உபதேசம் செய்தால் எந்தப் பிள்ளை நம்பும்? பெற்றோர்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் நாம் செய்துகொள்ளும் முதல் வேண்டுகோள் இதுதான்: தேகப் பயிற்சியைத் தண்டனையாக்க வேண்டாம், விளையாட்டைப் பறிப்பதும் தண்டனையாக வேண்டாம்.

மகாத்மா காந்தியின் சுயசரிதையைப் படித்தவர்களுக்கு ஒரு செய்தி நினைவிருக்கும். அவர் பள்ளி மாணவராயிருந்தபோது உயர் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேகப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை. அந்த வெறுப்புத் தவறு என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். ஆனால் திறந்த வெளியில் நடப்பது நல்லது என்று புத்தகங்களில் படித்து, தாமாகவே விரும்பி நடக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். கட்டாயம் சாதிக்காததை விருப்பம் சாதித்தது. அந்தக் கால்கள்தான் 1930-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி சபர்மதியிலிருந்து கிளம்பி, சுமார் 240 மைல் நடந்து, ஏப்ரல் 5-ஆம் தேதி தண்டிக் கடற்கரையை அடைந்தன. அப்போது அவருக்கு வயது 60.

விருப்பம் உண்டாக்க என்ன செய்யலாம்? விலையுயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். நம் முன்னோர்கள் தெருவையே தேகப் பயிற்சிச் சாலையாக வைத்திருந்தார்கள். சுண்ணாம்புக் கட்டியும் ஓட்டுச் சில்லும் இருந்தால் மொட்டை மாடியில் பாண்டி ஆடலாம். ஒற்றைக் காலில் கட்டம் கட்டமாகத் தாண்டும்போது காலுக்கு வலுவும் உடலுக்குச் சமநிலையும் வருகின்றன. ஒரு படிக்கட்டும் கொஞ்சம் முற்றமும் இருந்தால் கல்லா மண்ணா ஆடலாம்; கல் ஒரு கட்சிக்கு, மண் மற்றொன்றுக்கு; எல்லை மீறியவரைத் தொட வேண்டும். சற்றுப் பெரிய இடம் கிடைத்தால் கிளித்தட்டு. கோடுகளில் காவல் நிற்பவர்கள் கைக்கு அகப்படாமல் அப்பால் போய்த் திரும்ப வேண்டும். நடுக்கோட்டிலும் ஓடி வரக்கூடிய கிளியிடம் விசேஷ எச்சரிக்கை வேண்டும். ஓட்டமும் யுக்தியும் ஒருங்கே பழகும் ஆட்டம் அது.

இவற்றை நடத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் தோற்றவனை வெளியே உட்கார வைக்கும் ஆட்டத்தில், பயிற்சி அதிகம் தேவையான குழந்தைதான் அதிக நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு, பிடிபட்டவனும் பிடிக்கிறவர்களோடு சேர்ந்துகொள்ளும்படி விதியை மாற்றிவிடுங்கள். பருத்த குழந்தையைப் பட்டப்பெயர் வைத்து அழைப்பதை அன்றே நிறுத்துங்கள். ஒரு பட்டப்பெயர் ஒரு குழந்தையை வருஷக்கணக்கில் மைதானத்துக்கு வெளியே நிறுத்திவிடும்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தாய்மார்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து வயது வரை தம்பியோடு சேர்ந்து ஓடிய பெண்ணை, திடீரென்று ஒரு நாள், "இனிமேல் என்ன குதியாட்டம்?" என்று உள்ளே அழைத்துக்கொள்கிறோம். அவளுடைய எலும்புக்கு உழைப்பு மிகவும் தேவையான வருஷங்கள் அவைதாம். நம் சடுகுடு, கபடி என்ற பெயரில் 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் உலகத்தார் முன் ஆடிக் காட்டப்பட்டது. 1990-ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் ஆசியப் போட்டியில் சேர்ந்தது. பெண்களுக்கான போட்டி 2010-ஆம் ஆண்டில்தான் வந்தது. வந்த முதல் தடவையே நம் பெண்கள் தங்கம் வென்றார்கள். இருபது வருஷம் வாசலில் காத்திருந்தவர்கள் உள்ளே நுழைந்ததும் செய்த காரியம் அது!

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் விளையாட்டுச் சாமான்களும் வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் பரீட்சை நெருங்கியதும் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தக் கடன் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்ட பிறகு, "இந்த வாரம் என் குழந்தை எத்தனை பீரியட் விளையாடினாள்?" என்றும் கேட்டுவிட்டு வரட்டும். கேட்கிறவர்கள் இருந்தால் கொடுக்கிறவர்களும் இருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. குழந்தைகள் நம் சொல்லைவிட நம் கால்களையே அதிகம் கவனிக்கின்றன. சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, "போய் விளையாடு" என்று சொன்னால் குழந்தைக்கும் நாற்காலிதான் வேண்டியிருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடைக்கு வண்டியை எடுக்காதீர்கள்; குழந்தையின் கையைப் பிடித்து நடந்து போங்கள். திரும்பும் வழியில் அடுத்த தெருமுனை வரை யார் முதலில் போவது என்று பந்தயம் வையுங்கள். கொஞ்சம் தோற்றும் கொடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தையே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் உங்களுக்காகக் காத்திருக்கும்.