மகமை கண்ட ஊரில் சம்பளத்துக்குப் பணமில்லை

விருதுநகர்ப் பக்கத்துப் பழைய கமிஷன் மண்டிப் பேரேடுகளில் கூலி, தரகு, சாக்கு என்று இறங்கும் செலவுகளுக்கு நடுவே 'மகமை' என்றும் ஒரு வரி இருக்கும். மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு. லாபமா நட்டமா என்று மகமை கேட்பதில்லை. சரக்கு கைமாறினால் விழுந்துவிடும். அந்தச் சில்லறை சேர்ந்த இடம் உறவின்முறை என்ற சாதிச் சங்கத்தின் பொதுநிதி.

நாடார் வணிகர்கள் பேட்டைகளில் தங்கள் வண்டிமாட்டையும் சரக்கையும் காத்துக்கொள்ள ஏற்படுத்திய நிதி, பிறகு கிணறு, கோயில், பள்ளிக்கூடம் என்று விரிந்தது. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலாவுக்கு வீடுவீடாகப் பிடி அரிசியும் சேர்ந்தது. உலையில் இடும் முன் பள்ளிக்கென்று ஒரு பிடி தனியே போகும். பிடி அரிசி வாரந்தவறாமல் வந்ததால் வாத்தியார் சம்பளம் போன்ற வாராந்தர, மாதாந்தரச் செலவுக்கும் அது உதவியது. இதை மிகையாகப் போற்றவும் வேண்டாம். மகமை கொடுக்காதவருக்கு உறவின்முறைக் கூட்டத்தில் முகம் இருக்காது. பெரும்பாலும் அது ஒரு சாதியின் வேலிக்குள் சுற்றிவந்த பணம்.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு சிவகாசியில் சேர்ந்த செல்வம், அடுத்த தலைமுறைக்குள் குடும்ப அறக்கட்டளைகளாகவும் கல்லூரிகளாகவும் வடிவெடுத்தது. 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968இல் ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி. மகளை மதுரைக்கு அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கு இவை எவ்வளவு பெரிய கொடை என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் குறை வேறு. அறக்கட்டளைகளின் கணக்கைத் தணிக்கை செய்பவன் என்ற முறையில் நான் பார்த்த பேரேடுகளில், கொடையின் பெரும்பகுதி அறக்கட்டளையின் சொந்தப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கோயிலுக்குமே போகிறது. வெளியே தரும்போதும் வகுப்பறை, கழிப்பறை, ஆம்புலன்ஸ், பெஞ்சு. கல்வெட்டு பதிக்கச் சுவர் வேண்டுமல்லவா? கிராமத்தில் இறங்கி வேலை செய்யும் சிறு தொண்டு நிறுவனம் இரண்டு ஊழியருக்கு மூன்று ஆண்டுச் சம்பளம் கேட்டால், "அது நிர்வாகச் செலவாச்சே" என்று கோப்பை மூடிவிடுகிறார்கள்.

சட்டமும் இதற்குத் துணை போகிறது. ஓர் அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். 1 லட்சத்துக்குத் தானே பெஞ்சு வாங்கினால் முழுத் தொகையும் கணக்கில் ஏறும். அதே 1 லட்சத்தைப் பக்கத்து ஊர் அறக்கட்டளைக்குக் கொடுத்தால், 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத் திருத்தத்தின்படி 85,000 ரூபாய் மட்டுமே செலவாக ஏற்கப்படும். பிறர் கையில் கொடுத்துச் செய்வதைவிடத் தானே செய்வது லாபம் என்று வரிச் சட்டமே சொல்லிக்கொடுக்கிறது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, 2014 ஏப்ரல் முதல் கட்டாயம். 5 கோடி நிகர லாபம், அல்லது 500 கோடி நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல் உள்ள கம்பெனி தன் சராசரி லாபத்தில் 2 சதவீதம் தர வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டாசு ஆலைகளில் பெரும்பாலானவற்றின் மேல் இதன் நிழல்கூடப் படாது. சிறு ஆலைகள், குடும்பக் கூட்டு வணிகங்கள். வரம்புக்குள் வரும் நிறுவனங்களோ, நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியைக் காட்டித் தொண்டு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலை வெட்டுகின்றன. இது விதியைத் தவறாகப் படிப்பது. அந்த 5 சதவீதம், நிதி தரும் கம்பெனி தன் அலுவலகத்தில் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கான வரம்பு. திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவு அதில் சேராது.

சம்பளம் ஏன் இவ்வளவு முக்கியம்? 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலியானோர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் என்றது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். இப்படியொரு உத்தரவு வீட்டுக்குள் பணமாக நுழைவதற்குள் எத்தனை வாசற்படி! வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, தாயும் தந்தையும் போன பிள்ளை என்றால் காப்பாளர் யார் என்ற வழக்கு. தீக்காயத்தோடு பிழைத்தவர் மாதக்கணக்கில் மதுரை அரசு மருத்துவமனைக்கு அலைய வேண்டும். இந்தக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கும் வக்கீலிடமும் நடக்க ஓர் ஆள் வேண்டும். அவர் அடுத்த ஆண்டும் அதே வேலையில் இருக்க வேண்டும். விபத்து நடந்த வாரத்தில் அரிசியும் புடவையும் கொடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். ஆறாவது மாதம் யாரும் இல்லை.

ஒரு தடை உண்டு, மறைக்க முடியாது. இழப்பீடு கேட்டு நிற்கும் அமைப்புக்கு ஆலை முதலாளியின் அறக்கட்டளை எப்படிப் பணம் தரும்? தராது, தந்தாலும் தொழிலாளி நம்ப மாட்டார். எனவேதான் தனித்தனிக் குடும்பத்தின் பெயர் ஒட்டாத பொதுநிதி ஒன்று வேண்டும் என்கிறேன். அதன் குழுவில் தொழிற்சங்கத்துக்கும் மகளிர் குழுக்களுக்கும் இடம் வேண்டும், சாதி பார்க்கக் கூடாது, வரவுசெலவை ஆண்டுதோறும் ஊர் நடுவே வாசிக்க வேண்டும். பணம் மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று சம்பளத்துக்குப் போகட்டும்.

வசூலுக்குப் புதிய வழி தேட வேண்டாம். சிவகாசியில் லாரி ஏறும் ஒவ்வொரு பட்டாசுப் பெட்டிக்கும் ஒரு ரூபாய் போதும். பில்லில் ஏற்றுக்கூலிக்குக் கீழே அதற்கு இடம் இருக்கிறது. அந்த வரிக்கு என்ன பெயர் போடுவது என்று பழைய கணக்கப்பிள்ளை யாரும் கேட்கப் போவதில்லை.

(கட்டுரையாளர், அறக்கட்டளைகளின் கணக்குத் தணிக்கையாளர்)