எதிர்ப்புக்கும் ஒரு மேடை



கே.கே. நகர்க்காரர்களுக்குப் பாட்டுக் கேட்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. டாக்டர் தங்கராஜ் சாலையிலேயே தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா முத்தையா மன்றம் இருக்கிறது. அந்தச் சங்கமே ஓர் எதிர்ப்பில் பிறந்தது என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்ல ஆசை.

கச்சேரியில் தமிழ்ப் பாட்டு கடைசித் துக்கடாவாக மட்டும் வந்த காலம் அது. 1941இல் அண்ணாமலை நகர் மாநாடு தமிழுக்கு உரிய இடம் கேட்டது. வித்வான்களிடையே கடும் மறுப்பு எழுந்தது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பொருள் தந்தார், எழுத்தாளர் கல்கியும் ரசிகமணி டி.கே.சி.யும் எழுதினார்கள், பேசினார்கள். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. 1946இல் திருவையாற்றில் பாடகர் தண்டபாணி தேசிகர் தமிழில் பாடியது குற்றமாக்கப்பட்டபோது, கலைஞர் கருணாநிதி ‘குடிஅரசு’ இதழில் கட்டுரையாலேயே அடித்தார்.

2011 செப்டம்பர் 1 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது வேறு வகை எதிர்ப்பு. இசை நடத்துநர் சுபின் மேத்தா தலைமையில் இஸ்ரேல் பில்ஹார்மானிக் இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தது. பாலஸ்தீன ஆதரவாளர்கள் சிலர் நடுவில் எழுந்து, பீத்தோவனின் மெட்டில் தங்கள் முழக்கத்தைப் பாடினார்கள். அரங்கம் கூச்சலிட்டது; பிபிசி வானொலி நேரடி ஒலிபரப்பையே நிறுத்தியது. பாலஸ்தீனத்தின் துயரம் பொய்யல்ல. ஆனால் அன்று இசையும் காதில் விழவில்லை, அந்தத் துயரமும் எவர் நெஞ்சிலும் இறங்கவில்லை.

அதே மேத்தா 2013 செப்டம்பர் 7 அன்று ஸ்ரீநகர் ஷாலிமார் பாக்கில் கச்சேரி நடத்தினார். அழைப்பிதழ் உள்ளவர்களுக்கே அனுமதி, பள்ளத்தாக்கில் கடையடைப்பு. மனம் புண்பட்ட காஷ்மீரிகள் அதே நாளில் நகரின் இன்னொரு பூங்காவில் தங்கள் நிகழ்ச்சியை நடத்தினார்கள். ‘காஷ்மீரின் உண்மை நிலை’ என்று பொருள்படப் பெயரும் வைத்தார்கள். இரண்டையும் உலகம் கவனித்தது.

நம் மாநிலமும் விதிவிலக்கல்ல. 2018 ஆகஸ்டில் சென்னையில் கர்நாடக இசைப் பாடகர் ஓ.எஸ். அருண் கிறிஸ்தவப் பாடல்கள் பாடவிருந்தார். வசைகளும் மிரட்டல்களும் கிளம்பின; அவர் விலகிக்கொண்டார். உடனே இன்னொரு பாடகர் டி.எம். கிருஷ்ணா, இயேசுவையோ அல்லாவையோ பாடும் பாட்டு ஒன்றை மாதந்தோறும் வெளியிடப்போவதாக அறிவித்தார். மிரட்டலுக்குப் பாட்டே பதில்!

எதிர்க்க வேண்டியதை எதிர்த்தே ஆக வேண்டும். வாசலில் பதாகை பிடியுங்கள், துண்டறிக்கை கொடுங்கள், எதிர்க் கச்சேரி வையுங்கள். அதற்கு இந்த இதழ் பக்கம் ஒதுக்கும். பாடுகிறவரின் வாயை அடைப்பதை மட்டும், அது எந்தக் கட்சிக்காரர் செய்தாலும், நாம் ஏற்க முடியாது. சபாக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு மிரட்டலுக்குப் பயந்து கச்சேரியை ரத்து செய்யாதீர்கள். நீங்கள் உறுதியாக நின்றால், ரசிகர்கள் நாங்கள் முன்வரிசையில் வந்து உட்காருவோம்.

உங்கள் கருத்து மாறுபட்டாலும் எழுதுங்கள். அடுத்த இதழில் அதற்கே முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்
கே.கே. நகர், மதுரை