போர்டு மூன்று, அடுப்பு ஒன்று

என் நண்பர் ஒருவருக்குத் தம் ஐபோனைப் பற்றி அபாரப் பெருமை. ஒருநாள் மாலை அதை என்னிடம் நீட்டி, "பாருங்கள் ஸார், சஃபாரி இருக்கிறது, குரோம் இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸும் இருக்கிறது. எது பிடிக்கிறதோ அதில் படித்துக்கொள்ளலாம். யார் தடுக்கிறார்கள்?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. ஆகவே காரணம் சொல்ல வேண்டியவனானேன்.

ஒரு தெருவில் மூன்று ஹோட்டல்கள். மூன்று போர்டு, மூன்று கல்லா. கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால் ஒரே அடுப்பு. ஒரே அண்டாவிலிருந்து மூன்று வாளியில் சாம்பார் போகிறது. ஐபோனில் நடப்பது இதுதான். வலைப்பக்கத்தை வாங்கிப் பிரித்து, எழுத்தும் படமுமாகக் கண்முன் நிறுத்துகிற உள்யந்திரத்துக்கு எஞ்சின் என்று பெயர். எந்த உலாவியானாலும் வெப்கிட் என்ற தன் எஞ்சினைத்தான் உபயோகிக்க வேண்டும் என்பது ஆப்பிள் கம்பெனி நமக்கு விதித்திருக்கும் விதி. 2012-இல் குரோமும் 2015-இல் ஃபயர்ஃபாக்ஸும் ஐபோனுக்குள் நுழைந்தபோது, தங்கள் அடுப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் நுழைந்தன.

"இதனால் நமக்கென்ன நஷ்டம்?" என்பார்கள். உண்டு. ஒரு சிறு பத்திரிகைக்காரர், புது இதழ் வந்த செய்தியைத் தம் வலைத்தளத்தின் மூலமே வாசகரின் போனுக்கு அனுப்பும் வசதி, ஆண்ட்ராய்டில் 2015-லேயே கிடைத்தது. ஐபோனில் 2023 மார்ச்சில்தான் கிடைத்தது. எட்டு வருஷம்! அதுவரை வேறு எஞ்சினைக் கொண்டுவந்து அந்தக் குறையை நிரப்ப யாருக்கும் வழியில்லை. வலைத்தளமே போதும் என்றாகிவிட்டால், செயலிக் கடையில் வாங்குகிற 15 முதல் 30 சதவீதக் கமிஷன் என்னாவது? காவற்காரனும் சுங்கக்காரனும் ஒருவனே என்றால் கதவு மெதுவாகத்தான் திறக்கும்.

பாதுகாப்புக்காகவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். அதே கம்பெனியின் மாக் கம்ப்யூட்டரில் எந்த எஞ்சினும் ஓடலாமே! அங்கே நம் பாங்குக் கணக்கு இல்லையா, குடும்பக் கடிதங்கள் இல்லையா?

இன்னொரு வாதம் கெட்டிக்காரத்தனமானது. கதவைத் திறந்தால் கூகிளின் எஞ்சின் எல்லாவற்றையும் விழுங்கிவிடுமாம். இந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. எட்ஜ், ஓபரா முதலியவையும் அந்த எஞ்சினில்தான் ஓடுகின்றன. ஆனால் காவல் நிற்பவர் யார்? சஃபாரியில் தன்னைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்காக 2022-இல் மட்டும் ஆப்பிளுக்குக் கூகிள் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். அமெரிக்கக் கோர்ட்டில் வெளிவந்த கணக்கு இது. யாரிடமிருந்து காப்பதாகச் சொல்கிறாரோ, அவரிடமே படி வாங்குகிறவரைக் காவற்காரர் என்றழைக்க எனக்கு மனம் வரவில்லை. கூகிளை அடக்க வேண்டியது சட்டம். இன்னொரு ஏகபோகம் அல்ல.

1998-இல் மைக்ரோஸாஃப்ட்டின் மேல் அமெரிக்க அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. தன் உலாவியை விண்டோஸோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்து, நெட்ஸ்கேப்பை நசுக்கப் பார்த்தது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. கம்பெனியை இரண்டாகப் பிளக்க வேண்டும் என்றே 2000-இல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். 2001-இல் மேல்கோர்ட்டு அந்தத் தண்டனையை ரத்துச் செய்தது. ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற முடிவை மட்டும் ரத்துச் செய்யவில்லை. அந்த விண்டோஸில்கூட நெட்ஸ்கேப் தன் சொந்த எஞ்சினோடு ஓடிற்று என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டது. 2024 மார்ச்சில் அங்கே மட்டும் ஆப்பிள் கதவைத் திறந்தது. ஜப்பானின் சட்டம் 2025 டிசம்பரில் முழு அமலுக்கு வந்தது. நம் நாட்டிலும் போட்டி ஆணையம் தூங்கிவிடவில்லை. ஆண்ட்ராய்டு விஷயத்தில் 2022-இல் கூகிளுக்கு 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஆனால் எஞ்சின் விஷயத்தில் நமக்கு இன்னும் பழைய விதிதான். ஸ்ரீபெரும்புதூரில் நம் பெண்கள் பாகம் பாகமாகப் பொருத்தித் தருகிற போனுக்குப் பாரிஸில் ஒரு நியாயம், பரமக்குடியில் ஒரு நியாயமா?

நண்பர் வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு சஃபாரியே போதும், ஸார்" என்றார்.

இருக்கட்டும். பிடித்ததனால் ஒன்றை வைத்துக்கொள்வது அவர் உரிமை. வேறு வழியில்லாமல் வைத்துக்கொள்வதையும் உரிமை என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, அதைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன்.