மழைக்குக் கணக்கு உண்டு, குருவிக்கு?

போன ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, வட்டவளையில் எங்கள் பள்ளிக்கூடம். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பிஸ்கட் டின் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். "சேர், ராத்திரி மழையில எங்க இஸ்தோப்புல வந்து விழுந்துச்சு. பல்ப் வெளிச்சத்துக்குச் செவுத்துல முட்டிக்கிச்சு" என்றாள்.

மூடியை விலக்கிப் பார்த்தேன். கட்டை வால், பச்சை முதுகு, கண்ணை மறைத்து ஓடும் கறுப்புப் பட்டை, வயிற்றின் அடியில் இரத்தச் சிவப்பு. 'இந்தியன் பிட்டா' என்று ஆங்கிலப் புத்தகத்தில் படித்த பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்: "ஆறுமணிக்குருவின்னு அம்மாயி சொன்னாங்க. விடியக்காலையும் வெளக்கு வைக்கிற நேரமும் கத்துமாம்." டின்னைக் கொய்யா மரத்தடியில் திறந்து வைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன். இடைவேளைக்குள் குருவி தத்தித் தத்தி வேலிக்குள் போய்விட்டது.

விசாரித்தால், பெரிய பயணக்காரக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, பருவம் மாறும்போது தெற்கே இறங்குகிறது. கடலையும் தாண்டி இலங்கைக்கு வருகிறது. இரவில் பறப்பதால் களைத்துப்போய் வெளிச்சத்துக்கு மயங்கி வீட்டுக்குள் விழுவதும் உண்டு. சிங்களத்தில் இது 'அவிச்சியா'. மயில் தன் உடையைத் திருடிக்கொண்டு போய்விட்டதென்று இது அழுகிறதாம். அப்படி ஒரு கதை. நம் தோட்டத்து ஆட்கள் அதே குரலில் மணியைக் கேட்டிருக்கிறார்கள். விடியக்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு மணிதானே முக்கியம்!

அந்த வாரக் கடைசியில் கொழும்பிலிருந்து பறவை பார்க்கும் குழு ஒன்று வான் வண்டியில் வந்து ரோட்டு வளைவில் இறங்கியது. முக்காலியில் தொலைநோக்கி, கழுத்தில் பெரிய கெமராக்கள். கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் கூடையோடு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஓர் அக்கா ஓடைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். வந்தவர்கள் மரியாதையாகச் சிரித்தார்கள்; பிறகு தொலைநோக்கிக்குள் குனிந்துகொண்டார்கள். அவர் என்ன சொன்னார் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருபது வருடமாக இங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிற நானும் கேட்டதில்லை.

இந்தத் தீவில் பறவைகளை எழுதிவைக்கும் பழக்கம் பழையது. லெக் என்ற பீரங்கிப் படை அதிகாரி 1878க்கும் 1880க்கும் இடையில் இலங்கைப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். 1955இல் பறவைக் கையேடு எழுதிய ஜி. எம். ஹென்றி தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பறவைப் பட்டியல்கள் தொகுத்த பிலிப்ஸ் தோட்டத் துரை. 1943இல் இலங்கைப் பறவைக் கழகம் தொடங்கியது. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் சரத் கொட்டகமவின் முயற்சியால் களப் பறவையியல் குழு உருவானது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் அவற்றில் ஒன்றுகூடத் தமிழில் எங்கள் லயத்து வாசல்வரை வந்து நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் பிறந்தவரும் தோட்டத்தை நடத்தியவரும் எழுதினார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களின் காதும் கண்ணும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

காது என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கினால் கித்துல்கல. 1995இல் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட அங்கே காட்டில் அடையாளம் தெரியாத ஒரு குரலைக் கேட்டார். விடாமல் தேடி 2001இல் கண்ணால் கண்டார். 2004இல் அது புதிய ஆந்தை இனமென்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. முதலில் கிடைத்தது வெறும் குரல்தான். நாள் முழுக்க மலையில் நின்று குரல் கேட்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

என் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். கொண்டைக்குருவிகள் ஒரே செடியைச் சுற்றிக் கூட்டமாகக் கத்தினால் அந்த நிரைக்குப் போகமாட்டார். உள்ளே பாம்பு இருக்கும் என்பார். காட்டுக்கோழி திடுக்கென்று கத்திக்கொண்டு எழும்பினால் எல்லோரையும் சத்தம்போட்டுக் கூப்பிடுவார், சிறுத்தை பயம். ரோட்டோரக் கானில் மஞ்சள் வயிற்று வாலாட்டியைப் பார்த்துவிட்டால், "பெருமழை முடியப்போகுது, படங்கைக் காயவைக்கலாம்" என்பார். வடக்கிலிருந்து வரும் அந்த வாலாட்டி இங்கே இறங்குவதும் தென்மேற்குப் பருவமழை தளர்வதும் ஏறக்குறைய ஒரே காலம் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் கேட்டு எழுதிவைக்க மட்டும் தோன்றவில்லை. இப்போது அவர் இல்லை.

வட்டவளை என்றால் மழை. வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் ஊர். தோட்டத்து ஆபீசில் தினமும் மழைமானியைப் பார்த்து அளவை எழுதுகிறார்கள். கொழுந்தை நிறுத்துக் கிலோக் கணக்கு எழுதுகிறார்கள். தோட்டத்துக்குத் தேவையானதெல்லாம் எழுதப்படுகிறது. நமக்குத் தேவையானதை நாம்தான் எழுத வேண்டும்.

தொழிற்சங்கத்தில் இருக்கும் என் கூட்டாளி இதைக் கேட்டுச் சிரித்தான். "வீடு கட்ட ஏழு பேர்ச் காணிக்கே வழியைக் காணோம், ஒனக்குக் குருவிக் கணக்கா?" நியாயமான கேள்வி. காணிக்கும் சம்பளத்துக்கும் நடக்கிற போராட்டத்தில் நானும் நிற்கிறேன். ஆனால் இந்த மலைக்கு மலையகத் தமிழராகிய நாங்கள் வந்து இருநூறு வருடம் என்று 2023இல் மேடை மேடையாகச் சொன்னோம். அந்த இருநூறு வருடத்தில் இந்த மலையைப் பற்றி நாம் தெரிந்துகொண்டதை எங்கே வைத்திருக்கிறோம்? இன்னொன்றும் உண்டு. நம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் மூட்டை தூக்கப் போகிறார்கள். நம் மலையில் சுற்றுலாக்காரருக்குப் பறவை காட்டிச் சம்பாதிப்பவர் வெளியூரிலிருந்து வருகிறார்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அவரவர் ஊரில், அவரவர் வீட்டு வாசலில், குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று கண்டதை எழுதினால் போதும். தைப்பொங்கல் நமக்கும் லீவு நாள். வலசை வந்த குருவிகளும் அப்போது இங்கேதான் இருக்கும். பொங்கல் பானை பொங்குகிற நேரத்தில் ஒவ்வொரு லயத்திலும் ஒரு பிள்ளை கொப்பியோடு நிற்க முடியாதா?

தொலைநோக்கி பிறகு வரட்டும். கொப்பியில் ஐந்து பத்தி போதும்: திகதி, நேரம், எத்தனையாம் நம்பர் மலை, அம்மாயி சொல்லும் பெயர், எண்ணிக்கை. புத்தகப் பெயரைப் பிறகு ஆசிரியர் சேர்க்கலாம். தோட்ட நிர்வாகங்களிடம் கேட்பது, மழைக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்பதுதான். கொழும்புக் குழுக்களிடம் கேட்பதும் சின்ன விஷயம்: அடுத்த முறை தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள், தேத்தண்ணி நேரத்தில் கொழுந்து எடுப்பவர்களோடு ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பது பிள்ளைகளோடு தொடங்கிவிட்டோம். சனிக்கிழமை காலையில் கூடுகிறோம். அதில் இரண்டு பையன்கள் கெட்டபோல் அடிப்பதில் பேர்போனவர்கள். இலைக்குள் அசைவதை அவர்களைப்போல வேகமாகக் காண்பவர் வேறு யாருமில்லை. கெட்டபோல் இப்போது என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

கொப்பியின் முதல் வரியை எழுத டின் கொண்டுவந்த பிள்ளையைத்தான் கூப்பிட்டேன். திகதியும் நேரமும் போட்டாள். இடம், எங்கள் இஸ்தோப்பு. பெயர், ஆறுமணிக்குருவி. எண்ணிக்கை, ஒன்று. அப்புறம் நிமிர்ந்து கேட்டாள்: "சேர், அன்னைக்கு ராத்திரி எவ்வளவு மழை பேஞ்சிச்சின்னும் எழுதணுமா?" ஆபீசுக்குப் போன் போட்டேன். கிளாக்கர் ஐயா பழைய பக்கத்தைப் புரட்டி அளவைச் சொன்னார். அதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.