பெனாசிர் பூட்டோ: நாற்காலியும் அதிகாரமும்

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 26ந் தேதி, பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண முதல்வராக மர்யம் நவாஸ் பதவியேற்றார். அந்நாட்டில் ஒரு மாகாணத்துக்குப் பெண் முதல்வரானது அதுவே முதல் தடவை. மார்ச் 6ந் தேதி, 1979ல் தூக்கிலிடப்பட்ட முன்னாள் பிரதமர் ஜூல்பிகர் அலி பூட்டோவுக்கு நேர்மையான விசாரணை கிடைக்கவில்லை என்று பாகிஸ்தான் சுப்ரீம் கோர்ட்டு கருத்துத் தெரிவித்தது. மார்ச் 10ந் தேதி அதே பூட்டோவின் மருமகன் ஆஸிப் அலி ஜர்தாரி இரண்டாவது முறையாக ஜனாதிபதியானார்.

இரண்டு வாரங்களுக்குள் நடந்த இந்த மூன்று நிகழ்ச்சிகளையும் இணைக்கும் பெயர் ஒன்று உண்டு. 2007 டிசம்பரில் கொல்லப்பட்ட பெனாசிர் பூட்டோவே அவர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடொன்றில் மக்களின் வாக்கினால் பிரதமரான முதல் பெண்மணி. அவருக்குப் பதவி கிடைத்தது உலகறிந்த செய்தி. அதிகாரம் கிடைத்ததா என்பதே சிந்திக்க வேண்டிய கேள்வி.

சிறையில் கற்ற அரசியல்

1953 ஜூன் 21ந் தேதி கராச்சியில் பிறந்தவர் பெனாசிர். சிந்து மாகாணத்தின் லார்க்கானாவைச் சேர்ந்த பெரும் நிலச்சுவான்தார் குடும்பம். ஹார்வர்டிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தார். 1972ல் சிம்லாவில் இந்திரா காந்தியுடன் பேச்சு நடத்த வந்த தந்தையோடு, 19 வயதுப் பெண்ணாக அவரும் வந்திருந்தார். வங்க தேசத்தை இழந்து, ஏராளமான போர்க் கைதிகளை மீட்க வேண்டிய நிலையில் ஒரு நாடு எப்படிப் பேரம் பேசுகிறது என்பதை அவர் அருகிலிருந்து பார்த்தார்.

படிப்பை முடித்து 1977ல் நாடு திரும்பிய சில நாட்களிலேயே, ஜூலை 5ந் தேதி, ஜெனரல் ஜியா உல் ஹக் ஆட்சியைக் கைப்பற்றினார். 1979 ஏப்ரல் 4ந் தேதி பூட்டோ தூக்கிலிடப்பட்டார். அதன் பின்னர் மகளுக்கு வாய்த்தது வீட்டுக் காவலும் சிறையும்தான். சுக்கூர் சிறையில் தனிமைக் காவலையும் அனுபவித்தார். சிகிச்சைக்காக 1984ல் வெளிநாடு செல்ல அனுமதிக்கப்பட்டவர், 1986 ஏப்ரல் 10ந் தேதி லாகூரில் வந்திறங்கியபோது கூடிய ஜனசமுத்திரம் ராணுவ ஆட்சியை அதிரச் செய்தது.

1988 ஆகஸ்ட் 17ந் தேதி விமான விபத்தில் ஜியா மாண்டார். நவம்பரில் தேர்தல் நடந்தது. முதல் குழந்தை பிறந்து இரண்டு மாதமே ஆகியிருந்த பெனாசிர், தம் பாகிஸ்தான் மக்கள் கட்சியைத் தேர்தலில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். டிசம்பர் 2ந் தேதி, 35வது வயதில் பிரதமரானார்.

மதமும் அரசியலும்

பெண் நாட்டை ஆளலாகாது என்று அப்போது மதவாதிகள் பலர் முழங்கினர். ஆனால் இந்த வாதத்தின் வரலாற்றைச் சற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டும். 1965 ஜனவரியில் நடந்த ஜனாதிபதி தேர்தலில் அயூப்கானை எதிர்த்து நின்றவர் முகம்மது அலி ஜின்னாவின் சகோதரி பாத்திமா ஜின்னா. அவரை ஆதரித்த கட்சிகளில் ஜமாத்தே இஸ்லாமியும் ஒன்று. பெண் தலைமை கூடாது என்று தீர்ப்புச் சொன்ன உலமாக்கள் அன்று அயூப் பக்கம் நின்றார்கள். சுமார் 80 ஆயிரம் பிரதிநிதிகள் மட்டுமே வாக்களித்த அந்தத் தேர்தலில் அயூப்கானே வென்றார். ஆக, தடை மத நூலில் இருந்ததைவிட அரசியல் தேவையிலேயே அதிகம் இருந்தது என்பது தெளிவு. பின்னாளில் வங்க தேசத்திலும் துருக்கியிலும் இந்தோனேசியாவிலும் பெண்கள் ஆட்சித் தலைமை ஏற்றதும் இதனையே உறுதிப்படுத்துகிறது.

கட்டுண்ட பிரதமர்

தேர்தலில் முதலிடம் பெற்றாலும் பெனாசிருக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. ஆட்சி அமைக்க அழைக்கப்படுவதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. ஜியா காலத்து வெளியுறவு மந்திரி யாகூப்கானைத் தொடர விட்டார். ஜியாவுக்கு நெருக்கமாயிருந்த குலாம் இஷாக்கானை ஜனாதிபதியாக ஏற்றார். ராணுவ விவகாரங்களும் அணு விவகாரமும் அவர் கைக்கு எட்டவில்லை. மிகப் பெரிய மாகாணமான பஞ்சாபில் நவாஸ் ஷெரீப் எதிர் ஆட்சி நடத்தினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜியா விட்டுச் சென்ற எட்டாவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, பார்லிமெண்டைக் கலைத்துப் பிரதமரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் ஜனாதிபதியிடம் இருந்தது.

அந்த வாள் இரு முறை அவர் மீது பாய்ந்தது. 1990 ஆகஸ்டில் இஷாக்கான் அவரை நீக்கினார். 1993ல் மீண்டும் பிரதமரானார். 1996 நவம்பரில் அவரை நீக்கியவர், அவரே ஜனாதிபதியாக்கிய சொந்தக் கட்சிக்காரர் பாரூக் லெகாரி! இரு முறையும் ஊழல் குற்றச்சாட்டுக் கூறப்பட்டது. கணவர் ஜர்தாரியைச் சுற்றி எழுந்த புகார்கள் கட்சியின் பெயரை வெகுவாகக் கெடுத்தன என்பதை மறுப்பதற்கில்லை. 1999ல் லாகூர் ஐகோர்ட்டு இருவரையும் தண்டித்தது. 2001ல் சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை ரத்து செய்து மறு விசாரணைக்கு உத்தரவிட்டது.

செய்ததும் செய்யாததும்

பெண்களுக்கு அவர் என்ன செய்தார்? 1989ல் மகளிருக்கென முதல் பெண்கள் வங்கி தொடங்கப்பட்டது. 1994ல் மகளிர் போலீஸ் நிலையம் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய பெண் சுகாதார ஊழியர் திட்டம், பின்னர் பல்லாயிரம் பெண்களைக் கிராமங்களின் வீட்டு வாசலுக்கே அனுப்பியது. இவை சிறு காரியங்கள் அல்ல.

ஆனால் ஜியாவின் 1979ஆம் ஆண்டு ஹுதூத் சட்டங்கள் அப்படியே இருந்தன. கற்பழிக்கப்பட்ட பெண் புகார் கொடுத்து அதை நிரூபிக்க முடியாவிட்டால், அவளே குற்றவாளியாகும் கொடுமை அவற்றில் இருந்தது. பார்லிமெண்டில் பெண்களுக்கிருந்த ஒதுக்கீடு 1988 தேர்தலோடு காலாவதியாயிற்று. அதையும் அவரால் மீட்க முடியவில்லை. சரித்திரத்தின் விசித்திரம் என்னவென்றால், 2002ல் 60 இடங்களோடு ஒதுக்கீட்டை மீட்டதும், 2006ல் ஹுதூத் சட்டங்களின் கடுமையைக் குறைத்ததும் ராணுவத் தளபதி முஷாரபின் ஆட்சிதான். இரண்டாவது திருத்தத்துக்கு பெனாசிரின் கட்சி ஆதரவாக வாக்களித்தது. மேலும், பெண் கல்விக்கே பகைவர்களான தாலிபான்கள் 1994ல் தலைதூக்கி, 1996ல் காபூலைப் பிடித்தது பெனாசிர் பிரதமராக இருந்தபோதே. அவர்களுக்குப் பாகிஸ்தானின் ஆதரவும் இருந்தது.

இந்தியாவைப் பொறுத்தும் இதே இரட்டை நிலைதான். 1988 டிசம்பர் 31ந் தேதி இஸ்லாமாபாதில் ராஜீவ் காந்தியும் பெனாசிரும் முன்னின்று செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இரு நாடுகளும் ஒன்றின் அணு நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என உறுதி கூறின. 1992 முதல் ஜனவரி முதல் தேதியன்று அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் பல நெருக்கடிகளையும் தாண்டி நிலைத்தது. ஆனால் 1990ல் காஷ்மீரில் தீ மூண்டபோது, எதிரிகளுக்கு அஞ்சி, அவர்களினும் கடுமையாக முழங்கியவரும் அவரே.

ராவல்பிண்டியில் முடிவு

2007 அக்டோபர் 18ந் தேதி அவர் நாடு திரும்பிய ஊர்வலத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர் பின்வாங்கவில்லை. டிசம்பர் 27ந் தேதி ராவல்பிண்டியின் லியாகத் பாக் கூட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பும்போது கொல்லப்பட்டார். நாட்டின் முதல் பிரதமர் லியாகத் அலிகான் 1951ல் சுடப்பட்டு மாண்டதும் அதே மைதானத்தில்தான். தக்க பாதுகாப்பு தந்திருந்தால் இக்கொலையைத் தடுத்திருக்கலாம் என்று 2010ல் ஐ.நா. விசாரணைக் குழு கூறியது. 2017ல் கோர்ட்டு ஐந்து பேரை விடுதலை செய்து, கடமை தவறிய இரண்டு போலீஸ் அதிகாரிகளைத் தண்டித்தது. ஏவியவர் யார் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு விடை தரவில்லை.

பூட்டோவின் மகள் என்பதால்தானே அவர் தலைவரானார் என்பர். உண்மைதான். மர்யமும் நவாஸ் ஷெரீபின் மகளே. ஆயினும் குடும்பப் பெயர் வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். சிறைக்கும் குண்டுக்கும் அஞ்சாமல் நின்றது அந்தப் பெண்ணின் சொந்தத் துணிவு. அதே சமயம், ஒரு பெண் நாற்காலியில் அமர்வதால் மட்டும் நாட்டுப் பெண்களின் விலங்கு அறுபடாது என்பதற்கும் அவர் வாழ்க்கையே சாட்சி. அதற்குச் சட்டம் வேண்டும். சட்டம் செய்யச் சுதந்திரமான பார்லிமெண்ட் வேண்டும். அந்தப் பார்லிமெண்டை எவரும் நினைத்தபோது கலைக்க முடியாத நிலை வேண்டும். பெனாசிர் கதவைத் திறந்தார். வீடோ இன்னொருவர் வசம் இருந்தது.